கோணல் வீடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் இடிக்கப்பட்ட ‘குரூக்கட் ஹவுஸ்’ பப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். குடிக்கிற இடத்துக்கு இவ்வளவு துக்கமா? நம் ஊரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவுக்கு வருகிறார்கள். சரி, அதை விடுங்கள். கோணலாக நின்ற கட்டடத்தை அதே கோணலோடு திரும்பக் கட்டினால் சினிமா செட் மாதிரி இருக்காதா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

டாஸ்மாக்கோடு ஒப்பிட முடியாது. அந்த ஊர் பப்பில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், குடிக்காதவரும் போவார். குடியின் கேடு அங்கும் உண்டுதான்.

செட் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி கிராமத்துக்குப் பக்கத்தில், 1765-இல் பண்ணை வீடாக எழுந்தது அது. 1830 வாக்கில் பப் ஆனது. ‘பிளாக் கன்ட்ரி’ எனப்படும் அந்த வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை சில இடங்களில் 30 அடி கனம். வீட்டுக்கு அடியிலும் தோண்டினார்கள். மண் உள்வாங்கியது, வீட்டின் ஒரு முனை மறுமுனையைவிட ஏறக்குறைய 4 அடி இறங்கிவிட்டது. உள்ளே கோலிக்குண்டை வைத்தால் மேட்டில் ஏறுவது போலத் தெரியுமாம். அப்போது அதன் பெயர் ‘கிளின் ஆர்ம்ஸ்’. நிலத்துக்குச் சொந்தக்காரரான சர் ஸ்டீஃபன் கிளின், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் மைத்துனர். ஜமீனும் சுரங்கமும் அந்த வட்டாரத்தை என்ன செய்தன என்பதைச் சுவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

1940-களில் ஆபத்தான கட்டடம் என்று இடிக்கப் பார்த்தார்கள். ஒரு பீர் கம்பெனி முட்டுச்சுவரும் இரும்பும் கொடுத்து, சாய்வை நிமிர்த்தாமல் அப்படியே நிறுத்தியது. ஆக, நாம் படத்தில் பார்க்கும் கோணல் பாதி மண்ணின் வேலை, பாதி கொத்தனாரின் வேலை. செட் என்றால் அப்போதே செட்தான்!

2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி மொத்தமும் தரைமட்டம். மேல்பகுதியில் கொஞ்சம் அகற்றத்தான் ஒப்புக்கொண்டோம் என்றது உள்ளூர் கவுன்சில்; 2024 பிப்ரவரியில், மூன்று வருடத்துக்குள் பழையபடி கட்ட உத்தரவிட்டது. இது நடக்காத காரியமில்லை. லண்டனில் 2015-இல் அனுமதியின்றி இடித்த ‘கார்ல்டன் டேவர்ன்’ இப்படித்தான் மீண்டும் எழுந்து 2021-இல் திறந்தது. இடிபடும் முன்பே பாரம்பரியத் துறையினர் அதை ஆராய்ந்து பதிவுசெய்து வைத்திருந்தது பெரிய உதவி.

குரூக்கட் ஹவுஸை நேராகக் கட்டினால் அது சாலையோரத்து ஹோட்டல், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் வேறொன்றில். இத்தனை பேர் போட்டோ எடுத்த கட்டடம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லை. சேர்க்கக் கோரிய விண்ணப்பம் தீ விபத்துக்குச் சற்று முன்புதான் போயிருந்தது.