கோணேசர் மலையில் சூரிய உதயம்: ராவா, ஜேபெக்கா?

வணக்கம். திருகோணமலைக் கோணேசர் கோயிலில் எடுத்த உதயப் படங்களில் வானம் வெளுத்து, கோபுரம் கறுத்து வருகிறது. ஜேபெக்கை (கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படக் கோப்பு) விட்டு ராவுக்கு (RAW, சென்சர் பதிந்த தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) மாறினால் சரியாகுமா, 32 ஜிபி அட்டை தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்துக்குத் தயங்காமல் மாறுங்கள். சூரியன் நேரே கடலிலிருந்து எழுவதால் அங்கே ஒளி வேறுபாடு மிகக் கடுமை.

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ராவில் 16,384. கறுத்த கோபுரத்தைக் கணினியில் வெளிச்சமாக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டாக உடைவது இதனால்தான். ராவில் சிற்பங்கள் தெளிவாக மேலெழும், அதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. ஆனால் முற்றாக வெளுத்த வானத்தை ராவும் மீட்டுத் தராது. ஒளியைப் பதியும் சென்சர் நிரம்பிவிட்ட இடத்தில் விவரம் எதுவும் பதிவாவதில்லை. ஆகவே ஒளியை வானத்துக்கு அளந்து, படத்தைச் சற்று இருட்டாகவே எடுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை லேசாகத் தொட்டால் பதற வேண்டாம். பெரும்பாலான கமராக்கள் அதை ஜேபெக் முன்னோட்டத்தை வைத்தே வரைகின்றன.

24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரா கோப்பு சுமார் 25 முதல் 30 எம்பி. உங்கள் அட்டையில் ஏறக்குறைய ஆயிரம் படங்கள் பிடிக்கும், ஒரு காலைக்குத் தாராளம்.

அன்றிரவே படங்களைக் கொடுக்க வேண்டிய உறவினர் திருமணத்துக்கு ஜேபெக் போதும். மண்டபத்தில் பல நிற விளக்குகள் இருந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். வெண்சமநிலையை, அதாவது விளக்கின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை, ராவில் பிறகு மாற்றலாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும், மூலப்படத்தைத் தனியாக வைத்திருங்கள்.