திகில் நாவல்கள் திரைக்கு வரும்போது ஏன் பெரும்பாலும் சொதப்புகின்றன? தொடராக எடுத்தால் தேறுமா? நம் சிங்கப்பூர்ப் பேய்க்கதைகளை எடுக்கலாமா?

நாவலில் உள்ளது அப்படியே வந்ததா என்று ஒப்பிட்டால் விடை கிடைக்காது. புத்தகப் பக்கத்தில் பயம் எதனால் வந்தது, அந்த இடத்தில் கண்ணுக்கோ காதுக்கோ என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

'தி ஷைனிங்' நல்ல உதாரணம். ஸ்டீபன் கிங்கின் 1977 நாவலில், ஓட்டல் தோட்டத்தில் மிருக உருவில் வெட்டிவிட்ட செடிகள் நாம் பார்க்காத நேரத்தில் நகரும். 'சிங்கம் முன்பே இங்கேதான் இருந்ததா?' என்ற சந்தேகம்தான் அங்கே பயமுறுத்துகிறது. இயக்குநர் குப்ரிக் 1980 படத்தில் செடிகளைத் தூக்கிவிட்டு, உயரமான புதர்ச்சுவர்களாலான ஒரு வழிப்புதிரை வைத்தார். தொலைந்துபோகும் பயத்தைக் கேமராவால் பின்தொடர முடியும். செடி நகர்ந்ததா என்ற சந்தேகத்தை முடியாது. கிங்குக்குப் படம் பிடிக்கவில்லை. 1997இல் அவரே திரைக்கதை எழுதி மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. செடி மிருகங்கள் கணினி வரைகலையில் திரும்பின. சிரிப்புதான் வந்தது.

ஆனால் கிங்கின் கோபத்திலும் நியாயம் உண்டு. நாவலின் ஜாக், குடியிலிருந்து மீளப் போராடும் அப்பா; படிப்படியாகச் சரிகிறார். படத்தில் அவராக நடித்த ஜாக் நிக்கல்சனோ முதல் காட்சியிலேயே பாதி கழன்றவர் மாதிரி இருக்கிறார். அந்தச் சரிவைக் காட்டத் தொடரின் நாலரை மணி நேரம் நன்றாகவே உதவியது. நீளம் கிடைத்தால் மனிதர்கள் தேறுவார்கள், பேய் தேறாது.

ஷர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' நாவல் (1959) மூன்று முறை எடுக்கப்பட்டது. 1963 கறுப்பு வெள்ளைப் படத்தில் பேயே தெரியாது: கதவை இடிக்கும் சத்தம், உள்நோக்கிப் புடைக்கும் மரம், அவ்வளவுதான். 1999இல் எல்லாவற்றையும் வரைகலையில் காட்டினார்கள், கதை முடிந்தது. 2018 நெட்ஃபிளிக்ஸ் தொடர் வீட்டையும் சில பெயர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது. ஆனால் யாரும் சுட்டிக்காட்டாமல் காட்சியின் ஓரத்து இருட்டில் உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள். பேயைக் காட்டாமலேயே நாவல் செய்த வேலைக்கு அது சரியான ஈடு.

கிங்கின் 'இட்' வேறு மாதிரி தப்பு. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும் நாவலில் சிறுவயதும் நடுவயதும் மாறி மாறி வரும். மறந்தது திரும்புவதே திகில். 2017, 2019 படங்கள் இரண்டையும் பிரித்துவிட்டன. முதல் படம் தனியாக நின்றது. இரண்டாவது படம், ஆளாளுக்கு ஒரு பழைய பொருளைத் தேடிப்போகும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டி இழுத்தது.

தமிழில் 'விடாது கருப்பு' பார்த்திருப்பீர்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலை நாகா இயக்கினார். அத்தியாயத்தைக் கொக்கி போட்டு முடிக்கும் எழுத்து அது. வாரத் தொடருக்கு அளவெடுத்துத் தைத்தது போல. அதே கதையை இரண்டரை மணி நேரப் படமாக எடுத்திருந்தால் பாதி கொக்கிகள் வீண்.

சிங்கப்பூர்ப் பேய்க்கதைகளில் சிக்கல் தலைகீழ். வீவக (அரசு அடுக்குமாடி) மின்தூக்கி, தேசிய சேவை (கட்டாய ராணுவப் பயிற்சி) முகாம், பள்ளிக் கழிவறை என்று வாய்வழியாகப் பரவும் கதைகள் நாலு பக்கத்தில் முடியும், நடுப்பகுதியே கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு இழுத்தால் விசாரிக்க ஓர் ஆள், பேய்க்கு ஒரு முன்கதை என்று சேர்க்க வேண்டிவரும். முன்கதை தெரிந்ததும் பேய்மீது பரிதாபம் வந்துவிடும், பயம் போய்விடும். எடுப்பதானால் பத்துப் பதினைந்து நிமிடத் தனிக்கதைகளாக, காரணம் சொல்லாமல் எடுங்கள். (1957இலேயே பி.என். ராவ் இங்கே எடுத்த 'பொந்தியானாக்' மலாய்ப் படத்துக்கு நாட்டுப்புற நம்பிக்கைதான் அடிப்படை. முழுப் படமாக அது ஓடியது. ஆனால் அங்கே பொந்தியானாக் என்ற பெண்பேய்தான் கதாநாயகி.)

பார்க்கும் வரிசை கேட்டால்: 'ஹில் ஹவுஸ்' புத்தகம், பிறகு 1963 படம், பிறகு தொடர். ஜப்பானிய 'ரிங்' மட்டும் முதலில் 1998 படம். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சதாகோ என்ற பெண்பேய் ஊர்ந்து வரும் காட்சி 1991 நாவலில் கிடையாது, அதைத் தேடிப் படித்தால் ஏமாற்றம்தான்.