முத்திரை ஒட்டிய தாளும் இரண்டு வருட வீடும்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு வீட்டை இரண்டு வருடங்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். ஒப்பந்தத்தைக் கணினியில் அடித்து, முத்திரை ஒட்டி, இரு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டோம், உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போகவில்லை. ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகையைத் திருப்பித் தரவேண்டிய முற்பணமாகக் கொடுத்தேன். ஒன்பது மாதங்கள் கழிந்த நிலையில், வீட்டை விற்றுவிட்டதாகவும், இரண்டு கிழமைக்குள் வெளியேறாவிட்டால் பூட்டை மாற்றப்போவதாகவும், முற்பணத்தை வர்ணம் பூசும் செலவில் கழிப்பதாகவும் வீட்டுக்காரர் கூறுகிறார். எமக்கு என்ன உரிமை உண்டு?
– வாசகி, கொழும்பு 6

பதில்: முதலில் கசப்பான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முத்திரை ஒட்டினாலே நொத்தாரிசு உறுதிப்பத்திரத்துக்குச் சமம் என்று கொழும்பில் பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஆகவே இரண்டு வருடம் இருந்தே தீருவேன் என்று அந்தத் தாளை வைத்து நீங்கள் வாதிடுவது கடினம்.

ஆனால் அதனால் நீங்கள் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிடவில்லை. வீட்டில் குடியிருந்து மாதாமாதம் வாடகை கொடுத்து வந்ததால், சட்டம் உங்களை மாதவாடகைக் குடியிருப்பாளராகவே கருதும். எமது நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம-டச்சுச் சட்டத்தின்படி, அத்தகையவருக்கு ஒரு முழுக் காலண்டர் மாத அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்ட இரண்டு கிழமை போதாது. வீடு விற்கப்பட்டதால் மட்டும் வாடகை உறவு அற்றுப்போவதுமில்லை. புதிய உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான்.

இதற்கு மேலாக 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பது வீட்டின் வருடாந்தப் பெறுமதி (மாநகரசபை வரிக்காக மதிப்பிடப்படும் தொகை) உள்ளிட்ட பல விடயங்களைப் பொறுத்தது. மாநகரசபை வரிப் பற்றுச்சீட்டின் பிரதி கிடைத்தால் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பூட்டை மாற்றும் மிரட்டலுக்கு வருவோம். நீதிமன்றக் கட்டளையின்றி உங்களை வெளியேற்ற எவருக்கும் அதிகாரமில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் போகாதவர்களிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கென 2023இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம்கூட, உரிமையாளரை மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புகிறது. மீறிப் பலவந்தமாக வெளியேற்றினால், உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். “இது சிவில் விவகாரம்” என்று பொலிஸார் கைவிரித்தாலும், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், அமைதிக்குப் பங்கம் ஏற்படக்கூடிய நிலையில், நீங்களே சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) மூலம் நீதவானிடம் செல்லலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்கள் கடந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

முற்பணம் உங்கள் பணம். ஆணி அடித்த துவாரம், உடைந்த கண்ணாடி போன்ற உண்மையான சேதத்துக்கும் நிலுவைக்கும் கழிக்கலாமே தவிர, ஒன்பது மாதம் மனிதர் குடியிருந்ததால் சுவர் மங்கியதற்கு உங்களிடம் அறவிடுவது நியாயமன்று. இன்றைக்கே ஒவ்வொரு அறையையும், மின்மானி, நீர்மானி வாசிப்புகளையும் திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். விற்பனை பற்றி எழுத்தில் அறிவிக்கப்படும் வரை வாடகையை வழக்கமான வங்கிக் கணக்குக்கே, எந்த மாதத்துக்குரியது என்ற குறிப்புடன் அனுப்புங்கள். போக முடிவுசெய்தால், முற்பணத்தை எண்ணி வாங்கிய அதே வேளையில் திறப்பை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.