பைண்டிங் மெஷின்: எதைக் கேட்டு வாங்குவது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மாதம் இருபது புராஜெக்ட் ரிப்போர்ட்டாவது வங்கிகளுக்குப் போகும். ஒவ்வொன்றும் 70, 80 தாள். கடையில் வைரோ (இரட்டைக் கம்பி வளையம் போடும்) மெஷினைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வைரோ பார்க்க அழகுதான். ஆனால் வங்கியில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றச் சொன்னாலும் கம்பியைப் பிரித்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உங்கள் வேலைக்கு, சீப்புப் பல் போன்ற பிளாஸ்டிக் வளையங்கள் போடும் காம்ப் பைண்டிங்தான் சரி. பிளாஸ்டிக் காம்பை மெஷினில் மாட்டி விரித்து, தாளை மாற்றி, அதே காம்பையே மூடிவிடலாம். புத்தகத்தைப் பின்னால் முழுக்க மடக்கிப் பிடிக்க முடியாது என்பது அதன் குறை. மேசையில் வைத்துப் படிக்கும் ரிப்போர்ட்டுக்கு அது ஒரு பொருட்டல்ல.

மெஷின் பெட்டியில் '450 தாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 51 மி.மீ. காம்ப் போட்டால் அடங்கும் அளவு அது. ஒரே அழுத்தில் எத்தனை தாள் துளைக்கும் என்று கேளுங்கள். கையால் இழுக்கும் சாதாரண மெஷினில் 10, 12தான் இருக்கும். 12 என்றிருந்தால் 10 வைப்பதே நல்லது. 80 தாளுக்கு எட்டு அழுத்து, அட்டைகளுக்கு ஒன்று. இருபது ரிப்போர்ட்டுக்கு 180. மாதத்துக்கு இவ்வளவுதான் என்றால் கை மெஷின் தாராளம். தினமும் இவ்வளவு இருந்தால் மட்டும் மோட்டார் வைத்ததைப் பாருங்கள்.

75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) தாள் 80 சேர்ந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன் வரும். அதற்கு 12 மி.மீ. காம்ப் வாங்குங்கள், 10 மி.மீ. காம்பில் பக்கம் திரும்பாமல் இறுக்கும். பத்திரம், ஒப்பந்தம் போன்ற லீகல் சைஸ் தாளும் போட வேண்டியிருந்தால், அந்த நீளம் மெஷினுக்குள் போகிறதா என்று கடையிலேயே ஒரு தாளை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பள்ளி அலுவலகத்துக்கு காம்ப் மெஷின் வாங்கினோம். கடைசித் துளை பாதியாகி, தாளின் ஓரம் கிழிகிறது. ஓ.எச்.பி. ஷீட் (அட்டையாகப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மெஷின் கோளாறா? (விருதுநகர் வாசகி)

பதில்: பெரும்பாலும் தாளின் ஓரத்தை நிறுத்திப் பிடிக்கும் ஓரத் தடுப்பு தள்ளிப்போயிருக்கும். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. 21 துளைகளும் சேர்ந்து சுமார் 294 மி.மீ. இடத்தைப் பிடிக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் மிச்சம்! தடுப்பு 2 மி.மீ. நகர்ந்தாலே ஒரு துளை ஓரத்தை வெட்டிவிடும். திருகைத் தளர்த்தி, வீண் தாள் ஒன்றைத் துளைத்து, அதை நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு பாதியின் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் திருகை இறுக்கிவிடலாம்.

ஓ.எச்.பி. ஷீட்டைத் தனியாகத் துளைத்தால் வளைந்து பிளேடோடு உள்ளே போய்விடும். மேலும் கீழும் இரண்டு தாள் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு ஷீட்டே போடுங்கள். அடியில் இருக்கும் துண்டுத் தட்டையும் அடிக்கடி கொட்டுங்கள். அது நிரம்பினால் துண்டுகள் அச்சுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும், கைப்பிடி இறுகும். அப்போது பலம் கொடுத்து அழுத்தினால் கைப்பிடி இணைப்புதான் வளையும்.

கேள்வி: வைரோ போட்ட புத்தகத்தில் பக்கங்கள் நழுவி வருகின்றனவே? (சேலம் வாசகர்)

பதில்: கம்பியின் இரு முனைகளும் முழுதாகச் சேரவில்லை. மூடும் இடைவெளியைக் கம்பியின் அளவுக்கு ஏற்ப மாற்றுங்கள். சற்று அகலமாக வைத்து மூடிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நெருக்கினால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். மூடும்முன் பின்னட்டையை முன்னட்டைக்கு மேலே வைத்துவிட்டு, மூடியதும் பின்பக்கம் திருப்பினால் இணைப்பு உள்ளே மறையும்.

கம்பி வாங்கும்போதும் கவனம். வளையத்தின் விட்டம் 14.3 மி.மீ. வரை என்றால் அங்குலத்துக்கு மூன்று துளை, ஏ4-க்கு 34. அதற்குமேல் அங்குலத்துக்கு இரண்டு, 23 துளை. ஒன்றின் கம்பி மற்றதில் நுழையாது. 34 துளை மெஷின் இருந்தால் 120 தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெண்டர் ஆவணங்களுக்கு ஸ்பைரல் போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் டெண்டர் நிபந்தனையைப் படியுங்கள். பக்கத்தை உருவவோ செருகவோ முடியும் என்பதால் ஸ்பைரலை ஏற்காத அலுவலகங்கள் உண்டு. காம்புக்கும் அதே கதிதான். அந்த இடத்தில் தையல் போட்ட கெட்டி அட்டை பைண்டிங் கேட்பார்கள். வருடத்துக்கு நாலைந்து டெண்டர்தான் என்றால் பைண்டரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிட வேண்டும்.