பழைய மைவிக்குக் கெட்டி எண்ணெய் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். 2007 பெரோடுவா மைவி 1.3 கார், 180,000 கிலோமீட்டர் ஓடியது. பட்டறைக்காரர், “பழைய காடி, 20டபிள்யூ-50 ஊத்துங்க” என்கிறார். மகன் ஃபுல்லி சிந்தெடிக் (முழுச் செயற்கை எண்ணெய்)தான் வேண்டும் என்கிறான். பள்ளி 4 கிலோமீட்டர். காலையும் மதியமும் போய் வருகிறேன், அவ்வளவுதான் ஓட்டம். எதை ஊற்றுவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். 5டபிள்யூ-30 செமி சிந்தெடிக் (செயற்கை எண்ணெய் கலந்தது) போதும்.

5டபிள்யூ-30 என்பதில் பின்னால் வரும் எண்தான் முக்கியம். இன்ஜின் சூடானபின் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது சொல்கிறது. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருப்பது குளிர்காலக் கணக்கு, நம் ஊர் மார்கழிக்கு அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. உங்கள் மைவியில் வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதன் துளைகளோ சிறியவை. அதில் 50 ஊற்றினால் இன்ஜின் மந்தமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வயதான காடிக்குக் கெட்டி எண்ணெய் என்பது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். ஆனால் மாதாமாதம் எண்ணெய் குறைந்து, புகைபோக்கியில் நீலப் புகையும் வந்தால், ஒரு படி ஏறி 10டபிள்யூ-40 போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மகன் சொல்வது கெட்ட யோசனை இல்லை, உங்களுக்குக் காசு வீண். காரணம் அந்த 4 கிலோமீட்டர். இன்ஜின் சூடேறும்போதே பள்ளி வந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் தங்கிவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த கோப்பி மாதிரிப் பசை ஒட்டியிருந்தால் அந்த ஈரம்தான் காரணம். (ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் கதை வேறு, உடனே பட்டறைக்குப் போங்கள்.) உங்கள் காடி 6 மாதத்தில் 2,500 கிலோமீட்டர்கூட ஓடாது. 5,000 வரட்டும் என்று காத்திருக்காமல் 6 மாதத்திற்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், ஃபில்டரோடு. விலை கூடிய எண்ணெயாக இருந்தாலும் இந்த ஓட்டத்தில் அதே 6 மாதம்தான். வாரம் ஒருமுறை ஈப்போ வரை ஓட்டி வந்தால் அந்த ஈரம் ஆவியாகிப் போகும். செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பாருங்கள்.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மலாயில் மின்யாக் ஹீத்தாம் (கறுப்பு எண்ணெய்) என்று பெயரே இருக்கிறது, கறுக்கத்தானே செய்யும்? அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வாங்கும்போது புட்டியில் ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி என்ற தரக் குறியீடு இருக்கிறதா, மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 4 லிட்டர் புட்டியை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள், இந்த இன்ஜினுக்கு 3 லிட்டர் சொச்சம்தான். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவுக் குச்சி) மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள்.

மிச்சத்தை வீட்டிலுள்ள கப்சாய் மோட்டாருக்கு ஊற்றிவிடாதீர்கள். அதன் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறி ஓடுவது, காடி எண்ணெய் பட்டால் வழுக்கக்கூடும். அதற்கு ஜாசோ எம்ஏ என்ற மோட்டார் எண்ணெய்த் தரக் குறியீடு போட்ட எண்ணெய்தான்.