லீவில் வந்த பட்டாளத்துக்காரருக்குத் தூக்கம் வரவில்லை: மாத்திரை வாங்கித் தரலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருக்கிறார். காஷ்மீர் எல்லையிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் துள்ளி எழுகிறார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தரலாமா? டாக்டரிடம் காட்டினால் வேலை போய்விடுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மாத்திரை வாங்கித் தராதீர்கள். டாக்டரிடம் காட்டியதற்காக வேலை போகாது.

எல்லையில் ராத்திரிக் காவல் முறை வைத்து வரும். காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கிப் பழகிய உடம்பு, அம்பாசமுத்திரம் வந்ததும் மாறிவிடாது. ஈராக், ஆப்கானிஸ்தான் சென்ற அமெரிக்கப் படையினர் பற்றி 2010இல் வெளியான பெரிய ஆய்விலும், சண்டையை நேரில் பார்த்தவர்களும் மனநலம் பாதித்தவர்களும் குறைவாகவே தூங்கினார்கள். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் நீடித்தால் சிகிச்சை தேவை.

மெடிக்கல் விஷயத்துக்கு வருகிறேன். தூக்கத்துக்கென்று பலரும் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. கேட்டவுடன் அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன, தட்டிக் கேட்க ஆளில்லை. மிலிட்டரி கேன்டீன் கோட்டா ரம்மோடு அது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். தினமும் போட்டுப் பழகி திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ரம் மட்டும் போதும் என்பதும் தப்பு. ஒரு மணிக்குத் தூங்க வைத்து மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

'மெடிக்கல் போர்டில் (உடல், மனத் தகுதியைப் பார்த்து முடிவு சொல்லும் ராணுவ டாக்டர்கள் குழுவில்) நமக்கு ஆள் இருக்கு, பென்ஷனோடு வெளியே கொண்டு வந்துடலாம்' என்று எவராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மனநலத்துக்காக மருத்துவத் தரத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது உண்டு; குணமானதும் மறுபரிசோதனையில் உயர்த்துவார்கள். அது வேலைநீக்கம் இல்லை.

இத்தனை பட்டாளத்துக்காரர்கள் உள்ள நம் சீமைக்குப் பக்கத்து ராணுவ ஆஸ்பத்திரி திருவனந்தபுரம் பாங்கோட்டில்! லீவில் வந்தவர் மலை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு இலவசமாகப் பேசலாம்.

ஒரு விதிவிலக்கு. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறதா? அப்படியானால் அது மூச்சுத்தடைத் தூக்க நோயாக இருக்கலாம். ஒல்லியான ஆளுக்கும் வரும், பட்டாளத்து உடம்புக்கும் வரும். அதற்குப் பரிசோதனை தனி. தூக்க மாத்திரை அதை மோசமாக்கிவிடும். இரண்டு ராத்திரி அவர் தூங்கும்போது பக்கத்தில் இருந்து கவனியுங்கள். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.