ஒளிப்படக்காரர்கள் கைவிட்டவை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

செம்பூரில் வசிக்கிறேன், ஃபோர்ட் பகுதியில் வங்கி வேலை. விடுமுறைச் சனிக்கிழமைகளில் போரா பஜார், கிராஃபோர்டு மார்க்கெட், மஸ்ஜித் பந்தர் பக்கம் நடந்து படமெடுப்பது என் பழக்கம். கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கியிருக்கிறேன். எங்கள் ஒளிப்படக் குழுவின் மூத்தவர் ஒருவர், "உன் படங்களில் பாணி என்று எதுவும் இல்லை, மேதைகளைப் பார்" என்றார். பிரெஞ்சு ஒளிப்பட மேதை கார்த்தியே-பிரெஸ்ஸோனைப் பார்த்து என் படங்களையெல்லாம் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். அவை நகல்களாகவே தெரிகின்றன. பாணி கருவியிலிருந்து வருகிறதா, கண்ணிலிருந்தா? நகலெடுத்துக் கற்பது தவறா? மும்பையில் படமெடுப்பவன் யாரைப் படிக்க வேண்டும்? என்னிடம் உள்ள 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமா?

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள செம்பூர் நண்பருக்கு,

மேதைகளைப் பார்க்கச் சொன்ன உங்கள் மூத்தவர், அவர்களிடம் எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். படத்தின் மேற்பரப்பில் தெரியும் நிறமும் கோணமும் பார்த்தவுடன் எடுத்துக்கொள்ளக்கூடியவை. எடுத்துக்கொண்டால் நகலாகத்தான் நிற்கும். ஒரு ஒளிப்படக்காரரை அணுகும்போது அவர் எதையெல்லாம் பயன்படுத்த மறுத்தார் என்று முதலில் கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் பாணி அந்த மறுப்புகளிலிருந்தே பிறந்திருக்கிறது.

ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் சிறிய லைகா கேமராவில் பெரும்பாலும் ஜூம் இல்லாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஃபிளாஷைத் தவிர்த்தார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டுவதை வெறுத்தார். 1932இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை வேலி இடுக்கு வழியாக எடுத்த படம் இதற்கு அரிதான விலக்கு. வெட்டக்கூடாது என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், சட்டகத்தின் நான்கு மூலைகளையும் அந்த நொடியிலேயே அவர் பார்த்தாக வேண்டும். லென்ஸை மாற்றாதவருக்குத் தூரம் கைவந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி எஃப்/8 அளவில் வைத்து 4 மீட்டரில் குவித்தால், ஏறத்தாழ 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். அந்த எல்லைக்குள் யார் வந்தாலும் குவிக்க நேரம் செலவழிக்காமல் விரலை அழுத்தலாம். அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட 'தீர்மானகரமான கணம்', அதாவது காட்சியில் எல்லாம் சரியாகக் கூடிவரும் நொடி, என்ற சொல்லை நம்மவர்கள் ஏதோ ஞானதிருஷ்டி போலப் பேசுவதுண்டு. அதில் பெரும்பங்கு முன்கூட்டியே செய்துவைத்த இத்தகைய ஏற்பாடுகளுக்கு உரியது.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய உங்கள் படங்கள் ஏன் சோர்ந்திருக்கின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமை மாட்டியவர், நிறம் தன்னிடம் இல்லை என்று தெரிந்தே தெருவில் இறங்குகிறார். நீங்கள் நிறத்தை நம்பி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதை நீக்குகிறீர்கள். தாதர் பூச்சந்தையில் சிவப்பு ரோஜாவும் பச்சை இலையும் கண்ணுக்கு எவ்வளவு விலகித் தெரிகின்றன! சாம்பல் நிறத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். உங்கள் படத்தைத் தாங்கி நின்றது அந்த வேறுபாடு மட்டுமே என்றால், மாற்றிய பிறகு தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

மும்பைக்காரர் யாரைப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில், தயக்கமில்லாமல், ரகுபீர் சிங். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். 1999இல் நியூயார்க்கில் மறைந்தார். 1966இல் கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஜெய்ப்பூர் வந்தபோது அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவர். சிறிய கேமரா, தெரு, நெரிசலுக்குள் நின்று சட்டகத்தைக் கட்டும் முறை ஆகியவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்; கறுப்பு வெள்ளையை மட்டும் மறுத்துவிட்டார். கலை என்றால் கறுப்பு வெள்ளை, வண்ணம் விளம்பரத்துக்கு என்று உலகம் நம்பிய காலத்தில், இந்திய வாழ்க்கையை நிறமில்லாமல் சொல்ல முடியாது என்று வாதிட்டு, நெகட்டிவ் இல்லாமல் நேரடியாக வண்ணப் படமாகவே வரும் கோடக்ரோம் ஸ்லைடு ஃபிலிமிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1994இல் வெளிவந்த அவருடைய பம்பாய் நூல் கிடைத்தால் அவசியம் பாருங்கள். 1989இல் ஜவேரி பஜார் நகைக்கடையில் எடுத்த படத்தில் கடையும் தெருவும் கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது உள்ளே எது வெளியே என்று கண் தடுமாறும். அந்தப் படத்தில் நாயகர் என்று ஒருவர் இல்லை. ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஒரே மரியாதை. நம் உள்ளூர் ரயிலில் நாள்தோறும் போய்வரும் யாருக்கும் அது உண்மை என்று உடனே புரியும்.

அந்த ஃபிலிமின் குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்லைடு ஃபிலிம் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும். வெளிச்சம் சற்று மிகுந்தால் அந்த இடம் வெளுத்துப் போகும், பிறகு மீட்க முடியாது. ஆகவே காட்சியின் பிரகாசமான பகுதியை அளந்து எடுப்பார்கள். நிழல்கள் தாமாகக் கருமையில் ஆழ்ந்துவிடும். நண்பகல் வெயிலிலும் நிறங்கள் கெட்டியாகத் தெரிவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். அமெரிக்க ஒளிப்படக்காரர் அலெக்ஸ் வெப், இதே ஃபிலிமின் கருநிழலைக் கொண்டு ஹைத்தியிலும் மெக்சிகோ எல்லையிலும் தனக்கான ஒரு மொழியை அமைத்துக்கொண்டார்.

இன்றைய கைப்பேசி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. பல படங்களை அடுக்கிக் கலந்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தைத் தணித்து, எல்லாவற்றையும் சமமாக்கித் தருகிறது. உங்கள் கைப்பேசிப் படங்களில் பாணி இல்லை என்று மூத்தவர் சொன்னதில் பாதிக் குற்றம் அந்த மென்பொருளைச் சேரும். திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, ஒளியளவைக் கீழே இழுத்து எடுத்துப் பாருங்கள். போரா பஜாரின் குறுகிய சந்துகளில், மேலிருந்து ஒரு கீற்று வெயில் மட்டும் விழும் நேரத்தில், வேறுபாடு உடனே தெரியும்.

இந்திய ஒளிப்படக்காரர் ரகு ராயை இரண்டாவதாகச் சொல்வேன். கார்த்தியே-பிரெஸ்ஸோன் பரிந்துரைத்து 1977இல் மேக்னம் என்ற ஒளிப்படக்காரர்கள் அமைப்புக்குள் வந்தவர். ஆனால் அவருடைய 1995ஆம் ஆண்டு சர்ச்கேட் ரயில் நிலையப் படம் குருவின் வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. கணத்தை உறையவைக்காமல், ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்திருக்கிறார். கூட்டம் புகையாகக் கரைந்து ஓட, செய்தித்தாள் படித்தபடி அசையாதிருக்கும் சிலர் மட்டும் தெளிவாக நிற்கிறார்கள். அசையாதவர்கள் கிடைத்தால்தான் இந்த உத்திக்குப் பொருள் உண்டு. வெறும் கலங்கல் வேண்டுமென்றால் எந்த நிலையத்திலும் எடுத்துவிடலாம், இணையத்தில் அப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன.

சிலருக்கு மறுப்பு தொழிலின் கட்டாயமாகவே வந்து சேர்ந்திருக்கிறது. நம் நகரின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த பத்திரிகை ஒளிப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா 1942இல் தில்லிக்குச் சென்று, கனமான ஸ்பீட் கிராஃபிக் பத்திரிகைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலை செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் தகடு மாற்ற வேண்டிய கருவி அது. விழாவில் தலைவர்களின் முகம் தளரும் நொடிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். நேரு போன்றவர்கள் அவர் படங்களில் இயல்பாகத் தெரிவதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்க இயற்கைக்காட்சி ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் மலைகளை நான் அவ்வளவாக ரசித்ததில்லை. இருந்தாலும் எந்த நிழல் எவ்வளவு கறுப்பாக வர வேண்டும் என்று எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்யும் அவருடைய மண்டல முறையைப் படித்துவைப்பது நல்லது.

நகலெடுப்பது தவறில்லை. ரகுபீர் சிங், ரகு ராய் இருவருமே கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற ஒரே ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான். ஒருவர் நிறத்திலும் மற்றவர் வேகத்திலும் அவரை விட்டு விலகினார்கள். நகல் சலிப்பூட்டுவது, எடுத்துக்கொண்டதில் எதையும் மறுக்காதபோதுதான். தாராவிக்குக் கேமராவுடன் வருபவர்களைப் பாருங்கள்: அதே கறுப்பு வெள்ளை, அதே கதவோரக் குழந்தை, அதே சுருக்கம் விழுந்த முகம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டுத் தலைமுறைகளாக அங்கே வேரூன்றிய நம்மவர்களின் வீட்டுச் சுவர் நீலத்தையும், பொங்கலன்று தெருவை நிறைக்கும் கோலப்பொடியின் நிறங்களையும் அவர்கள் துயரத்துக்கு ஒவ்வாதவை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே வறுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை இடத்தைப் பார்த்து எடுக்காமல், ஏற்கெனவே பார்த்த படங்களைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

லென்ஸ் பற்றி: 18–55 தாராளமாகப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார், பழைய ஃபிலிமைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதில் 35 மி.மீ. வைத்தால் பழைய 50 மி.மீ. பார்வைக்கு அருகில் வரும். ஜூம் வளையத்தை 35இல் நிறுத்தி ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். இந்த மழைக்காலம் முடியும்வரை அதைப் பிரிக்காமல், எந்தப் படத்தின் ஓரத்தையும் வெட்டாமல், வண்ணத்திலேயே எடுங்கள். கனமழையன்று கேமராவை வீட்டில் வைத்துவிட்டுக் கைப்பேசியுடன் கிளம்பலாம்.